குளிர்நாட்டில் கறிவேப்பிலை: இலை உதிர்ந்தால் தண்ணீரைக் குறையுங்கள்

ஊரிலிருந்து செடியோ விதையோ கொண்டுவர நினைப்பவர்கள், போகும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் விதிகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் தங்கும் என்பதால், பல நாடுகள் இதற்குக் கூடுதல் கெடுபிடி காட்டுகின்றன. வந்த இடத்திலேயே கன்று வாங்குவதுதான் தொல்லையில்லாத வழி.

இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, வெயில் அதிகம் விழும் சன்னலருகே வையுங்கள். இதுவரை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் வினை. என் நண்பர் இடுப்புயரம் வளர்த்திருந்த செடி, உள்ளே வந்த சில வாரங்களில் மஞ்சளித்து இலைகளைக் கொட்டியது. வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றியே பழகிய கை சும்மா இருக்குமா? அவர் நாள்தோறும் ஊற்றினார். அடித்தட்டில் நீர் தேங்கியே நின்றது. கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் பழுப்பேறி அழுகல் நாற்றம் வீசின. விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நார் மட்டுமே மிஞ்சியது. ஆனால் தண்டின் மேற்பகுதியை நகத்தால் கீறினால் அப்போதும் பச்சை தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

குளிரும் வெளிச்சக் குறைவும் சேர்ந்தால் கறிவேப்பிலை உறங்கப் போகும். இலையில்லாத செடி நீரை வெளியேற்றாது. குளிர்ந்த வேரும் அதிகம் உறிஞ்சாது. ஊற்றிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிவிட, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. எனவே மேல்மண் இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பின்னரே சிறிதளவு ஊற்றுங்கள். அடித்தட்டில் வடிவதை உடனே கொட்டிவிடுங்கள். வசந்தத்தில் புதுத்துளிர் விடும்வரை உரம் வேண்டாம்.

மற்ற செடிகளில், குளிர்காலத்தில் துளசியைக் காப்பாற்றப் போராடுவதைவிட விதை எடுத்து வைப்பது மேல். கற்பூரவல்லியின் கிளையை ஒடித்து வைத்தாலே வேர்விடும். அறையைச் சூடேற்றும் கருவியின் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப்பூச்சி பெருகும் என்பதால், இலைகளின் அடிப்புறத்தை அவ்வப்போது நீரால் கழுவிவிடுங்கள். உறைபனி ஓய்ந்ததும் தொட்டியை நேரடி வெயிலில் வைத்துவிடாமல், முதலில் நிழலில் சில மணி நேரம் வைத்து, ஒரு வாரம் பத்து நாள் மெல்லப் பழக்குங்கள். இல்லாவிட்டால் புதிய இலைகள் வெளிறிக் கருகிவிடும்.