மூலநிரலிலிருந்து மென்பொருளைத் தொகுத்து நிறுவுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் மடிக்கணினி வாங்கி உபுண்டு என்ற லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவிக்கொண்ட மாணவர்களுக்கு, தேடும் மென்பொருள் அதன் களஞ்சியத்தில் (ஆயத்த மென்பொருள்களின் இணையச் சேமிப்பில்) இல்லை அல்லது பழைய பதிப்பாகவே இருக்கிறது என்ற நிலை விரைவில் வந்துவிடுகிறது. அப்போது மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, பதிவிறக்கித் தாமே தொகுக்க (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்ற) வேண்டும். இதைப் பழகுவதற்குக் கட்டற்ற மென்பொருள் திட்டமான குனூவின் ஹலோ நிரல் பொருத்தமானது. ஒரு வாழ்த்துவரியைக் காட்டும் இச்சிறு நிரல், குனூ தொகுப்பு முறைக்கு முன்மாதிரியாகவே பராமரிக்கப்படுகிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தந்துள்ளேன். கட்டளைகளை ஏற்கும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.

படி 1: கருவிகள்

"சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்" என்ற கட்டளை சி மொழித் தொகுப்பி, தொகுப்புப் பணிகளை வரிசையாக நடத்தும் மேக் கருவி, அடிப்படைத் தலைப்புக் கோப்புகள் (நூலகச் செயல்களைத் தொகுப்பிக்கு அறிவிப்பவை) ஆகியவற்றை நிறுவும். இதில் சூடோ நிர்வாகி உரிமையைத் தருகிறது, ஆப்ட் உபுண்டுவின் பொதி நிறுவி. நிர்வாகி கடவுச்சொல் இந்த ஒரு படிக்கு மட்டுமே தேவை.

படி 2: மூலநிரல்

குனூ திட்டத்தின் கோப்புத் தளத்தில் ஹலோ அடைவிலுள்ள அண்மைப் பதிப்பின் டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) பதிவிறக்கவும். "டார் எக்ஸ்எஃப்" என்பதை அடுத்துக் கோப்பின் பெயரைத் தந்தால் அது விரியும். "சிடி" கட்டளையால் அந்த அடைவுக்குள் செல்லவும். அங்குள்ள ரீட்மீ கோப்பைப் பலரும் திறப்பதேயில்லை, ஆனால் தேவையான நூலகங்களின் (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்புகளின்) பட்டியல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

படி 3: கான்ஃபிகர்

என் கருத்தில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி இந்தப் படியிலேயே உள்ளது. முதலில் புள்ளி, சாய்கோடு, அவற்றை ஒட்டிக் "கான்ஃபிகர்". நடப்பு அடைவிலுள்ள நிரலை முனையம் தானாகத் தேடாது என்பதால்தான் அந்தப் புள்ளியும் சாய்கோடும் தேவைப்படுகின்றன. பிறகு ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் (ஹைஃபன்) "பிரிஃபிக்ஸ்" என எழுதிச் சமக்குறி இட்டு, உங்கள் வீட்டு அடைவுக்குள் ஒரு புதிய அடைவின் முழுப்பாதையைத் தரவும். பிரிஃபிக்ஸ் தராவிட்டால் நிரல், கணினி முழுமைக்கும் பொதுவான "யூஎஸ்ஆர் லோக்கல்" அடைவுக்குச் செல்லும். அங்கே எழுத நிர்வாகி உரிமை வேண்டும், அங்கு நிறுவியது ஆப்ட்டின் கணக்கிலும் வராது. வீட்டு அடைவில் தனியாக வைத்ததை நீக்குவதற்கோ அந்த அடைவை அழித்தாலே போதும். கடவுச்சொல் கிடைக்காத கல்லூரி ஆய்வகக் கணினிகளிலும் இவ்வழி பயன்படும்.

கான்ஃபிகர் உங்கள் கணினியின் தொகுப்பியையும் நூலகங்களையும் சோதித்து, அவற்றுக்கு ஏற்ற மேக்ஃபைலை (மேக் கருவிக்கான வழிமுறைக் கோப்பை) உருவாக்குகிறது. திரையில் ஓடும் வரிகள் சில "நோ" என முடிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, "எரர்" என்று நிற்கும் வரியே கவனிக்கத்தக்கது, அதன் விவரம் "கான்ஃபிக்.லாக்" கோப்பில் கிடைக்கும். பெரிய மென்பொருள்களில் இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் விடுபட்ட நூலகமே காரணம். நூலகம் ஏற்கெனவே இருக்கிறதே என்று குழம்புவோர் உண்டு. நிரலை இயக்க நூலகம் போதும், தொகுப்பதற்கு அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும், உபுண்டுவில் அவை "டெவ்" என முடியும் தனிப் பொதியில் வருகின்றன.

படி 4: மேக்

"மேக்" எனத் தந்தால் தொகுப்பு தொடங்கும். ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடு, ஜே, 4 ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கு பணிகள் ஒரே நேரத்தில் நடக்கும். நினைவகம் குறைந்த பழைய கணினியில் பெரிய மென்பொருளைத் தொகுக்கும்போது இதைத் தவிர்க்கலாம். "வார்னிங்" வரிகள் பணியை நிறுத்துவதில்லை. பிழை வந்தால் கடைசி வரியை விட்டு மேலே சென்று முதல் பிழையைப் படிக்கவும். அடுத்து, தொகுத்ததைச் சோதிக்க "மேக் செக்", பிறகு நீங்கள் தந்த அடைவில் நிறுவ "மேக் இன்ஸ்டால்", சூடோ வேண்டாம்.

படி 5: இயக்குதல்

நீங்கள் தந்த அடைவுக்குள் "பின்" என்ற உள்ளடைவில் ஹலோ இருக்கும். அதன் முழுப்பாதையை அடுத்து ஓர் இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடுகள், "கிரீட்டிங்", சமக்குறி, மேற்கோள்குறிகளுக்குள் "வணக்கம் மலேசியா" எனத் தமிழிலேயே தந்தால் அந்த வாழ்த்து திரையில் தோன்றும்.

வேறு விருப்பங்களுடன் மீண்டும் தொகுக்க விரும்பினால், "மேக் டிஸ்ட்கிளீன்" மூலம் பழைய விளைவுகளை நீக்கிவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்பவும். சில திட்டங்களின் அடைவில் கான்ஃபிகர் கோப்பே இருக்காது. அவை சிமேக் அல்லது மெசான் என்ற வேறு தொகுப்புக் கருவிகளைப் பயன்படுத்தக்கூடும், அல்லது நிரலர்கள் மூலநிரலைப் பராமரிக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்திருந்தால் கான்ஃபிகரை முதலில் ஆட்டோகான்ஃப் என்ற கருவியைக் கொண்டு உருவாக்க வேண்டியிருக்கும்.