இ-புக் ரீடர் வாங்கும் முன்: ஐந்து வருஷக் கணக்கு

பெட்டி விலையைப் பார்த்து மலைத்துப் போகிறவர்களும் உண்டு, தள்ளுபடியைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் கணக்கை ஒரு நாளோடு முடித்துவிடுகிறார்கள். ரீடருக்கு ஐந்து வருஷக் கணக்கு போட வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அமேசானின் கிண்டில் பேப்பர்வைட் ரீடரின் விலை 16,999 ரூபாய். மூடி போட்ட கவர் 800 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 17,799. அறுபது மாதம் உழைத்தால் மாதம் 297 ரூபாய் ஆகிறது. இரண்டு வருஷத்திலேயே திரை போய்விட்டால் மாதம் 742 ரூபாய். எத்தனை நாள் உழைக்கிறது என்பதில்தான் காசே இருக்கிறது.

புத்தகச் செலவு மிச்சமாகும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதையும் பாருங்கள். 300 ரூபாய் நூல் மின்னூலாக 150 ரூபாய்க்குக் கிடைத்தால், போட்ட காசைத் திரும்ப எடுக்க 119 நூல் படிக்க வேண்டும். அதாவது ஐந்து வருஷமும் மாதம் இரண்டு. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சிலும் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 5 சதவீதம், அச்சிலேயே வராததற்கு 18 சதவீதம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் எடுத்துப் படித்து, படித்ததைத் திரும்ப விற்றுப் பழகியவருக்குக் கணக்கு இன்னும் இறுகும், ஏனென்றால் மின்னூலை விற்க முடியாது. வருஷத்துக்கு ஐந்தாறு நூல் படிப்பவர் போனிலேயே படிக்கலாம், தவறில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் போகிற காசு, மின்னூல் படிக்கக் கட்டும் மாதச் சந்தா. மாதம் 169 ரூபாய் என்றால் ஐந்து வருஷத்தில் 10,140 ரூபாய், அதாவது கருவி விலையில் பாதிக்கும் மேல். நிறுத்திய அன்றே சந்தாவில் எடுத்த நூல்களும் போய்விடும். சந்தா சேரும் முன், மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இருப்பதைத் தேடிப் பாருங்கள். சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான எழுத்தாளர்கள் வரை இலவசமாகவே கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய நூலும் உங்கள் ஆன்லைன் கணக்கோடு கட்டப்பட்டதுதான். கிண்டிலில் வாங்கியதைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது.

எந்த ரீடராக இருந்தாலும் தமிழ் எழுத்துச் சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். “கொக்கு, கோழி, மௌனம், ஸ்ரீ” என்று ஒரு வரி அடித்து, அதை இபப் என்ற மின்னூல் கோப்பாக்கிக் கையில் எடுத்துப் போங்கள். கிண்டில் மட்டும் இபப்பை நேரடியாகத் திறக்காது, அதற்கு ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்ப வேண்டும். ஒற்றைக்கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் ஒட்டி நிற்க வேண்டும். கொம்பு பின்னால் போய் நின்றாலோ, பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று தெரிந்தாலோ, அந்த ரீடருக்கு எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் வந்தால் பிரச்சினை சின்னது, தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கிண்டிலிலும் கோபோ என்ற இன்னொரு ரீடரிலும் ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறையில் யூனிகோடு எழுத்துரு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி வந்தால் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துமுறையில் இருக்கிறது. கணினியில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கொளத்தூர், பெரம்பூர் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் பாடநூல் பிடிஎஃப் படிக்கவே ரீடர் கேட்கிறார்கள். ஆறு அங்குல ரீடர் அதற்கு ஆகாது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., திரையின் அகலமோ சுமார் 9 செ.மீ. தாளில் 12 புள்ளி அளவில் இருக்கும் எழுத்து திரையில் 5 புள்ளிக்குச் சுருங்கிவிடும். ஸ்கேன் செய்த பக்கமென்றால் எழுத்தை மட்டும் பெரிதாக்கவும் வழியில்லை. படுக்கை வாக்கில் திருப்பி ஓரளவு சமாளிக்கலாம். பாடநூல் மட்டும்தான் தேவை என்றால் பத்து அங்குல டேப்லெட் வாங்குங்கள்.

மின்சாரத்துக்குக் கவலையே வேண்டாம். ஒரு முறை முழுசாக ஏற்ற ஏறக்குறைய 10 வாட்-மணி பிடிக்கும். ஒரு யூனிட்டில் நூறு முறை ஏற்றலாம்.

ரீடரைக் கொல்வது அழுத்தம். ரீடரில் இருக்கும் இ-இங்க் (மின்மை) திரைகளில் பெரும்பாலானவற்றின் அடித்தட்டு மெல்லிய கண்ணாடி. கும்மிடிப்பூண்டி ரயில் நெரிசலில் பைக்குள் டிபன் பாக்ஸின் விளிம்பு திரையில் பதிந்தாலே போதும். மேலே தடவிப் பார்த்தால் ஒரு கீறலும் இருக்காது, ஆனால் பாதிப் பக்கம் கோடு கோடாக உறைந்துபோயிருக்கும். உடைப்புக்கு வாரண்டி கிடையாது. வெளியில் திரை மாற்றப் போனால் கூலியோடு சேர்த்து இன்னொரு ரீடர் விலையை நெருங்கும். அதனால் முன்பக்கம் கெட்டியாக மூடும் கவர் வாங்குங்கள், சிலிகான் உறை போதாது. பையில் திரைப் பக்கம் நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கட்டும். வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது: கிண்டிலை இயக்குவதற்கான வெப்ப வரம்பே 35 டிகிரிதான், சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் அதைத் தாண்டிவிடும்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு செலவு. சார்ஜ் போடும் துளையில் பச்சையாகப் பூத்தால் உள்ளே செம்பு அரிக்க ஆரம்பித்துவிட்டது. கவரோடு ஜிப் உறையில் வையுங்கள், வியர்த்த கையோடு சார்ஜ் ஒயரைச் செருகாதீர்கள். மாதம் ஒரு முறை, கருவியை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் துளையைத் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டாம், நடுவிலுள்ள நாக்கு வளைந்துவிடும்.

பர்மா பஜாரிலோ தெரிந்தவரிடமோ பழையது எடுத்தால் பாதிச் செலவில் முடியலாம், ஆனால் காசு கைமாறுவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. பழைய சொந்தக்காரரின் கணக்கை அவரையே நீக்கச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கணக்கைப் பதிந்து பாருங்கள். திருட்டு என்று புகாரான கருவி இங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து திரை விளக்கை முழுசாக வைத்து, இருட்டு மூலையில் நின்று ஐம்பது பக்கம் புரட்டுங்கள். அதற்குள் பேட்டரி ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் விட்டுவிடுங்கள். கடைசியாக ஒயரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் துளை தளர்ந்திருக்கிறது, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள்.