பழைய மெத்தையைப் படிக்கட்டோரம் சாய்க்காதீர்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பழைய மெத்தை, அலமாரியை அகற்ற முதலில் நகர மன்றத்தை அழைக்க வேண்டும். பெரும்பாலான நகர மன்றங்கள் மாதத்துக்குச் சில பொருள்களை இலவசமாகவே எடுத்துச் செல்கின்றன. எத்தனை என்பதைக் கேட்டு, நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். எங்கள் தளத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் பாட்டி ஒருவர் இருக்கிறார். தாழ்வாரத்தில் கிடக்கும் ஒரு கட்டில் அவரைச் சிறைவைத்துவிடும். தீ விபத்து நேர்ந்தால் எல்லாருக்குமே ஆபத்து.

வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? இடிபாடுகள் எங்கே போகின்றன என்று வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். மலிவாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. வாகனத்தில் கொண்டுவந்து பொது இடத்தில் கொட்டுவது கடுங்குற்றம்: முதல் முறையே 50,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். சாதாரணமாகக் குப்பை போடுவதற்கே நீதிமன்றம் முதல் முறை 2,000 வெள்ளி வரை விதிக்க முடியும். மூன்றாம் முறை 10,000 வரை. பொது இடத்தைக் கூட்டும் சீர்திருத்தப் பணி ஆணையும் வரலாம்.

யாராவது கொட்டுவதைக் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். வாகன எண், நேரம், இடம் ஆகியவற்றைப் படத்துடன் ஒன்சர்வீஸ் (OneService) என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் அனுப்புங்கள்.