தொட்டியில் பூக்காத வெள்ளை மழை லில்லி: என் அனுபவம்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுத் தோட்டத்து மண்ணில் மழை லில்லி ஒவ்வொரு மழைக்குப் பின்பும் வெள்ளை வெளேரென்று பூத்துக்கொண்டிருக்க, அதே கிழங்குகளிலிருந்து பிரித்துச் சுவரோரத் தொட்டியில் வைத்தவை பல மாதங்களாக இலையை மட்டுமே தள்ளின.

முதலில் வெயில் போதவில்லை என்று எண்ணித் தொட்டியைச் சுவரோரமாகவே கிழக்குப் பக்கம் நகர்த்தினேன், பலனில்லை. பிறகு தழைச்சத்து குறைந்த, சாம்பல்சத்து மிகுந்த உரம் இட்டேன்; இலைகள் தடித்தன, மொட்டு வரவில்லை. நெருக்கத்தைக் குறைக்கக் கிழங்குகளைப் பிரித்து நடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இவ்வகை நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பதால் அதைச் செய்யவில்லை.

விரலால் தொட்டால் மேல்மண் எப்போதும் உலர்ந்தே இருந்தது. அடித்துளை வழியாக ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்தபோதுதான், அது கறுத்த சேற்றோடு நனைந்து வந்தது. மாடியிலுள்ள அறைக் குளிரூட்டியின் (ஏசி) நீர் இரவெல்லாம் சுவர் வழியே வழிந்து தொட்டியின் அடித்தட்டில் தேங்க, மண் அதைக் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. வறண்டு கிடந்த பிறகு திடீரென நனைவதே இச்செடிக்குப் பூக்கும் தூண்டுதல் என்பதால், எப்போதும் ஈரத்தில் நின்ற வேருக்கு அந்தத் தூண்டுதல் கிடைக்கவே இல்லை.

அடித்தட்டை அகற்றி, தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, கூரையின் கீழ் செங்கற்கள் மேல் வைத்தேன். குச்சி உலர்ந்து வரும்வரை காத்திருந்து, இலைகள் சற்றுத் தளர்ந்ததும் துளை வழியே நீர் வடியும் அளவுக்கு ஊற்றினேன். அந்த வாரத்திலேயே மொட்டுகள் எழுந்தன, நிம்மதியாக இருந்தது. கிழங்கில் நச்சு உண்டு. வீட்டில் பூனையோ குழந்தையோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.