கனவாட்டம் இருந்துச்சுன்னு எழுதறப்ப எந்தச் சொல்லைப் போடோணும்

"மர்மமாகவும் விசித்திரமாகவும் அமானுஷ்யமாகவும் இருந்தது"ன்னு மூணையும் ஒரே வரியில அடுக்கறாங்க பாருங்க, அதைப் படிச்சா ஒண்ணுமே தோணாதுங்க. மொதல்ல கண்ணுக்குச் சரியாத் தெரியலியா, மனசு தடுமாறுதா, இல்ல அந்தப் பொருளே அப்படித்தானான்னு முடிவு பண்ணிக்கோங்க, அப்புறம் சொல்லு தானா வரும்.

கண்ணுன்னா மங்கலா, மசமசன்னு, பொகை மூடுனாப்புல, நெழலாட்டம், கானல். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி ஏறிட்டு மூடுபனிக்குள்ள பூந்தீங்கன்னா மசமசன்னுதான் எழுதோணும், அங்க போயி மர்மம்னு எழுதுனா பொய்யி. கானலை சித்திரை வெயில்ல பல்லடம் ரோட்லயே பாக்கலாம், தாரை ஒட்டி இருக்கற காத்து சூடாகி லேசாயிருது, வெளிச்சம் அதுல வளைஞ்சு வானத்தையே ரோட்டு மேல தண்ணியாட்டம் காட்டுது. சங்கப் பாட்டுல இதுக்கு பேய்த்தேர்னு பேரு, என்னா பேருங்க அது! எதிர்ச்சொல்லு வேணும்னா பளிச்சுனு, துல்லியமா, கண்கூடா.

மனசுன்னா பிரமை, கிறுகிறுப்பு, சொக்கிப்போறது, அரைத்தூக்கம். இல்லாததை இருக்குன்னு பாத்தாத்தான் பிரமை. மாயைன்னா தத்துவ வாடை அடிக்கும், பாத்துப் போடுங்க. பேய் அமுக்குதும்பாங்களே, கனாக் காணற தூக்கத்துல கைகால் தளர்ந்து கெடக்கறப்ப புத்தி மட்டும் முந்தி முழிச்சுக்கறதுதான் அது. அதை "பயங்கரமாக இருந்தது"ன்னு எழுதாம "வெரலை அசைக்க முடியல, ஃபேன் சுத்தறது தெரியுது"ன்னு எழுதுங்க. எதிர்ப்பக்கம் நிதானம், சுயநினைவு, தெளிவு.

பொருளே விசேசமா இருந்தா, வினோதம்னா சிரிச்சுட்டே பாக்கலாம், அதிசயம்னா வாயைப் பொளந்துட்டுப் பாக்கலாம், மர்மம்னா எங்கியோ விடை ஒளிஞ்சிருக்கோணும், அமானுஷ்யம்னா மனுசன் செஞ்சதில்லைங்கற பயம் இருக்கோணும். ரெண்டு தலைக் கன்னுக்குட்டி மர்மம் இல்லீங்க, விசித்திரம். இதுக்கெல்லாம் எதிர்ல சாதாரணம், வழக்கம், அன்னாடம்.

ஆனா என்னைக் கேட்டா விசித்திரத்தை இந்த அன்னாடச் சொல்லுதான் தூக்கி நிறுத்தும். காங்கயம் பக்கம் சிவன்மலையில ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு கண்ணாடிப் பெட்டி இருக்குதுல்ல, முருகன் பக்தர் கனவுல வந்து ஒரு பொருளைச் சொல்லுவாரு, கோயில்ல பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கெடைச்சா அந்தப் பொருளைப் பெட்டிக்குள்ள வெப்பாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அது அங்கயேதான் இருக்கும். உள்ள என்ன இருக்கும்? மண்ணு, தண்ணி, இப்படித்தான். வெறும் மண்ணு, ஆனா கனவுல வந்த மண்ணுன்னதும் ஊரே பேசுது.

நீங்களும் அப்படியே பண்ணுங்க. ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடத்தைத்தான் இட்டேரிம்பாங்க எங்க பக்கம். "அந்த இட்டேரி அமானுஷ்யமாக இருந்தது"ங்கறதை அடிச்சுட்டு இப்படி எழுதிப் பாருங்க: "இட்டேரியில ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நல்ல நெலா வெளிச்சம். எருமைக்கன்னு ஒண்ணு எதுக்கால வருது. கழுத்துல கவுறு, கவுறு வெடைச்சு நிக்குது, புடிச்சிருக்கற ஆளைத்தான் காணோம்." இதுல விசித்திரச் சொல்லு ஒண்ணாச்சும் இருக்குதா? வேலியும் கவுறும் துல்லியமா இருக்கறதாலதான் அந்த இல்லாத ஆளு பயமுறுத்தறான். இங்க கவுத்தையும் மசமசன்னு எழுதுனா கதை முச்சூடும் போச்சு.

மினுமினு, சலசல மாதிரி இரட்டைக்கிளவி நல்ல சரக்குதான், பத்திக்கு ஒண்ணு போதும்.

அப்புறம் பேச்சு வர்ற எடத்துல ஆளைப் பாத்துச் சொல்லு போடுங்க. அமானுஷ்யம்னு அம்மாவைப் பெத்த அம்மிச்சி வாயில வராது, "காத்துக் கருப்பு அடிச்சிருக்கும் கண்ணு, அந்தப் பக்கம் போவாத"ன்னுதான் வரும்.