ஜூன் மாதத்து இறங்குதுறை: கனடாவுக்குப் புறப்படுபவர்களுக்கு வெள்ளவத்தையிலிருந்து

எங்கள் தொடர்மாடியிலிருந்து இந்த வருடம் மட்டும் மூன்று குடும்பங்கள் கனடாவுக்குப் போகின்றன. பெட்டி கட்டும் வேளையில் யாராவது ஒருவர் எங்கள் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒன்பது வருடம் ஸ்காபரோவில் இருந்துவிட்டு அம்மாவைக் கவனிப்பதற்காகக் கொழும்புக்குத் திரும்பியவள் என்பதால், எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப் போனதால் இதை எழுதி வைக்கிறேன்.

அலுவலக வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறங்கிய வாரத்திலேயே சமூகக் காப்புறுதி இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் வங்கிக் கணக்கும் வேலையும் பின்னால் வரும். ஒன்ராறியோவில் குடியேறுபவர்கள் மருத்துவ அட்டைக்கு உடனே விண்ணப்பிக்கலாம். முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 இல் எடுக்கப்பட்டுவிட்டது. பார்க்க வரும் பெற்றோருக்கு அந்த அட்டை கிடையாது என்பதால் அவர்களுக்குக் காப்புறுதி வாங்காமல் விமானம் ஏற்றாதீர்கள். புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கும் குளிரங்கி அங்கே நவம்பர் வரைகூடத் தாங்காது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இவற்றையெல்லாம் உங்களை விமான நிலையத்தில் ஏற்ற வரும் உறவினரே சொல்லித் தருவார். அவர் சொல்லாமல் விடப் போவது ஏரியைப் பற்றி.

முதல் கோடை வந்ததும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ரொறன்ரோவுக்கு வடகிழக்கே கவார்த்தாப் பக்கம் ஒரு கொட்டேஜை, அதாவது ஏரிக்கரை விடுமுறை வீட்டை, வாடகைக்கு எடுப்பீர்கள். ஆட்டிறைச்சி ஊறவைத்து, றொட்டி கட்டி, கரம் போர்டும் ஏற்றிக்கொண்டு போவீர்கள். அங்கே கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரப்பலகை இறங்குதுறை ஒன்று இருக்கும். காலி வீதியைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, கற்களில் உட்கார்ந்து கடலில் கால் நனைத்தே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பலகையைக் கண்டவுடன் காலைத் தொங்கப்போடாமல் இருக்க முடியாது. என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். அரை நிமிடத்தில் "ஐயோ" என்று காலை இழுத்தார். மெட்டி போட்டிருந்த விரலின் ஓரத்தில் தோல் உராய்ந்து இரத்தம் பொட்டுப் பொட்டாக வந்திருந்தது. மீன் கடிக்குமா என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரான என் அத்தான் காலை விட்டுப் பார்த்தபோது அவருக்கும் கடி விழுந்தது.

அந்த மீனின் பெயர் பாஸ். அந்தப் பக்கத்து ஏரிகளில் சிறுவாய் பாஸ், பெருவாய் பாஸ் என இரண்டு வகை உண்டு, இரண்டிலும் குடும்பப் பொறுப்பு ஆணுடையது. வசந்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 15 பாகை செல்சியசைத் தாண்டியதும் ஆண் மீன் இடுப்பளவு ஆழத்துக்கு வந்து, வாலால் சேற்றை அடித்து விலக்கி, சரளைக் கல் தெரியும்படி வட்டமான ஒரு பள்ளத்தைத் துப்புரவாக்கும். மேலே நின்று பார்த்தால் ஏரியின் அடியில் யாரோ வெள்ளைத் தாம்பாளம் ஒன்றை வைத்தது போலத் தெரியும். கல், விழுந்த மரம், இறங்குதுறையின் கால் என்று ஏதாவது ஒன்றின் மறைவில் பள்ளம் தோண்டுவது அதற்குப் பிடிக்கும் என்பதால்தான், நாம் காலைத் தொங்கப்போடும் இடமும் அது வீடு கட்டும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு முட்டைகளுக்குச் செட்டையால் நீரோட்டம் கொடுப்பதும், பொரித்த குஞ்சுகளைக் கலையாமல் காப்பதும், கிட்ட வருவதையெல்லாம் விரட்டுவதும் ஆணின் வேலை. வாரக்கணக்கில் அது சரியாகச் சாப்பிடவும் மாட்டாது. நாள் செல்லச் செல்ல, குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் கட்டம் நெருங்க நெருங்க, அதன் மூர்க்கம் கூடிக்கொண்டே போகும். தொங்கும் கால்விரல் அதன் கண்ணுக்கு முட்டை தின்ன வந்த இன்னொரு மீன், அவ்வளவுதான். மெட்டி, கொலுசு, காய்ந்த புண், மச்சம் போன்று தனித்துத் தெரிவது எதுவோ அதை முதலில் தாக்கும். பற்கள் உப்புத்தாள் போலச் சிறியவை. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் ஆறிவிடும் உராய்வுக்கு மேல் எதுவும் செய்யாது.

அம்மா இதையெல்லாம் படித்தவரல்ல. ஆனால் வவுனிக்குளத்துப் பக்கம் பிறந்தவர். சிவப்பு மணி சிதறியதைப் போல விரால் குஞ்சுகள் மிதக்கும் இடத்தில் காலை வைத்தால் பெரிய விரால் பாய்ந்து வரும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர். பலகையில் குந்தியிருந்து தண்ணீரை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குஞ்சு காக்கிற மீன், விடுங்கோ" என்று அத்தானிடம் சொன்னார். கறுப்பு மிளகுத் தூள் போலக் குஞ்சுகள் அந்தத் தாம்பாளத்தின் மேல் அசைந்துகொண்டிருந்ததை அவர்தான் எங்களுக்குக் காட்டினார். எங்கள் வீட்டில் மாமியாரின் பேச்சை மருமகன் தட்டிய அபூர்வமான நாள்களில் அதுவும் ஒன்று.

கடித்த மீனைக் குழம்பு வைப்பது நம்மவர்களின் நியாயம். அத்தானிடம் அதற்கு ஒரு சட்ட ஆதாரமும் இருந்தது. அன்று தந்தையர் தின வார இறுதி. அந்த நாள்களில் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே மீன் பிடிக்கலாம் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய்யல்ல, அரைவாசி உண்மை, அந்த அரைவாசிதான் எங்களைக் கவிழ்த்தது. விலக்குக் கிடைப்பது அனுமதிப்பத்திரத்துக்கு மட்டுமே. எந்த மீனை எப்போது பிடிக்கலாம் என்ற பருவ விதி அப்படியே இருக்கும். விலக்கும் கனடாவில் வதிபவர்களுக்குத்தான், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சானுக்கு அல்ல. மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, வலயத்துக்கு வலயம் பாஸ் பருவம் திறக்கும் நாள் மாறும், தெற்கில் அது கூடு காக்கும் காலம் பெரும்பாலும் முடியும்வரை திறக்கப்படுவதில்லை. நாங்கள் நின்ற ஏரிக்கு அந்த வருடம் அடுத்த சனிக்கிழமைதான் திறப்பதாக இருந்தது. மூடிய பருவத்தில் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டாலும் குற்றமே. வேண்டுமென்று அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். வெள்ளவத்தைக் கற்களில் நின்று தூண்டில் போடுபவரிடம் எவரும் கடுதாசி கேட்டு நான் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தை நாம் பெட்டியோடு கொண்டு போகிறோம்.

கூட்டுக்குள் மண்புழு விழுந்தால் காவல் மீன் பசிக்காக அல்ல, கோபத்தில் கவ்வும். ஆகவே அதைப் பிடிப்பதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. அத்தான் முதல் எறிவிலேயே பிடித்து வாளியில் போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகுமுன் உள்ளங்கையளவு சூரியமீன்கள் பத்துப் பன்னிரண்டு எங்கிருந்தோ வந்து அந்தத் தாம்பாளத்தில் இறங்கின. மிளகுத் தூள் இருந்த இடம் வெறும் கல்லாகியது. கைதட்டிய பிள்ளைகளே அழத் தொடங்கினார்கள். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் உண்டு. அங்கே பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் நீந்திச் சென்று பாஸ் கூடுகளை எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் பதிவு செய்ததும் இதையேதான்: காவலன் சில நிமிடம் விலகினாலே கூடு சூறையாடப்படும், பிடித்து விடப்பட்டுக் களைத்துத் திரும்பும் ஆண் கூட்டைக் கைவிட்டுவிடவும் கூடும். நன்றாகக் காக்கும் தகப்பனே மூர்க்கமானது, மூர்க்கமானதே சுலபமாகத் தூண்டிலில் மாட்டுவது.

சிறிது நேரத்தில் படகில் ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகப் பேசினார், வாளியைப் பார்த்தார், மீனை விடச் சொன்னார், தூண்டிலை எடுத்துக்கொண்டார், அபராத ரிக்கற் எழுதினார். தொகை அந்த வாரத்துக் கொட்டேஜ் வாடகையில் எங்கள் பங்கைவிடக் கூடியது. கொட்டேஜின் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஓம், ஒவ்வொரு ஜூனிலும் அங்கே ஒன்று இருக்கும் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். வாடகைக்கு முற்பணம் கேட்ட மின்னஞ்சலில் குப்பை எந்தக் கிழமை என்பதை மூன்று தடவை எழுதத் தெரிந்த மனிதருக்கு அதை ஒரு வரி எழுத முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

ஆகவே மே பிற்பகுதியிலோ ஜூனிலோ போவதாக இருந்தால், இறங்குதுறையடியில் கூடு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். போனதும் காலை விடுவதற்கு முன் வெள்ளைத் தாம்பாளத்தைத் தேடுங்கள். இருந்தால் பிள்ளைகளை மணல் கரைப் பக்கமாக இறக்குங்கள். ஒரு சில மீற்றர் விலகினாலே அந்த மீன் உங்களை மறந்துவிடும். மெட்டியையும் கொலுசையும் கழற்றி வைத்து, தண்ணீருக்கான சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கடியைவிட, கடி விழுந்த திடுக்கில் ஈரப்பலகையில் வழுக்கி விழுவதுதான் ஆபத்து, முக்கியமாகக் காப்புறுதி இல்லாத பெற்றோருக்கு. தடியால் குத்துவதும் கல்லெறிவதும் வேண்டாம். ஜூலை நடுப்பகுதியில் குஞ்சுகள் கலைந்துவிடும், பிறகு அதே பலகையில் நாள் முழுவதும் உட்காரலாம்.

இவ்வளவு சொல்லியும் யாராவது தூண்டிலை எடுத்து ரிக்கற் வாங்கினால், அதை லாச்சியில் போட்டு மூடாதீர்கள். 15 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும்: கட்டலாம், வழக்குத் தொடுநர் தரப்பைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், விசாரணை கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அத்தான் சந்திக்கக் கேட்பதற்காகப் படிவத்தை நிரப்பினார், தன் தரப்பு விளக்கமாக என்ன சொல்வது என்று இரண்டு இரவுகள் யோசித்தார், "அது முதலில் கடித்தது" என்பதற்கு மேல் ஒன்றும் வராததால் மூன்றாம் நாள் பணத்தைக் கட்டினார்.