மூச்சு வாங்குபவர்களுக்கு மாடித்தோட்டம்: தூசி கிளப்பாமல் செய்வது எப்படி?

அம்மாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று தெரிந்தபோது எங்களுக்குக் குழப்பம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தானே அது வரும்? பல வருட விறகடுப்புப் புகைக்கும் வரும் என்றார் டாக்டர். "செடியெல்லாம் போதும்மா" என்று சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. உடம்பை அசைப்பது நல்லதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சரி, செய்கிற விதத்தை மாற்றினோம். நீங்களும் தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் படி மாடிப்படிதான். மூக்கால் ஒன்று, இரண்டு எண்ணி மூச்சை இழுங்கள். விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நில்லுங்கள், விடும்போது ஏறுங்கள். பாதி வழியில், படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். எங்கள் வீட்டில் செலவில்லாமல் பெரிய பலன் தந்தது அதுதான். அவசரத்துக்கான இன்ஹேலரும் போனும் கையோடு வரவேண்டும்.

நேரம்: பனி விலகிய பிறகு, வெயில் ஏறுவதற்குள். போகி மாதிரி ஊரே புகையும் நாளில் மாடிப் பக்கமே போகவேண்டாம்.

அடுத்தது மண் கலவை. கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும். மக்கிய உரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் தூசியோடு கிளம்பும், பலவீனமான நுரையீரலில் தொற்று உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் தொட்டிமண் பைகளிலேயே நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பற்றி எச்சரிக்கை அச்சிட்டு விற்கிறார்கள். அதனால் உரப்பையைக் கிழித்து உதறக்கூடாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். முகத்தைத் தள்ளி வைத்து, பையின் ஒரு மூலையை மட்டும் கத்தரித்து, மெதுவாக ஒரு சொம்புத் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும், அப்புறம் திறக்கலாம். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், பொடியாக உதிர்ந்தால் இன்னொரு சொம்பு. தேங்காய் நார்க்கழிவையும் கட்டியாக வாங்கி முழுதாக ஊறவைத்துத்தான் உடைக்கவேண்டும். வேப்பம் புண்ணாக்கைத் தூவாமல், இரவே தண்ணீரில் போட்டு, மறுநாள் கரைசலாக ஊற்றுங்கள். உரக்குழியைக் கிளறுவது, மருந்து தெளிப்பது இரண்டும் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

மாஸ்க்? தூசிக்கு என்95 நல்லதுதான். ஆனால் போட்டதும் சிலருக்கு மூச்சு முட்டும். அம்மாவுக்கு முட்டியது, அதனால் ஈர மண்ணையே நம்பினோம். உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குனிந்தால் வயிறு அழுந்தி மூச்சு இன்னும் இறுகும். செடி வளர்க்கும் பைகளை மேசை உயரத்துக்கு ஏற்றி, உட்கார்ந்தே வேலை செய்யுங்கள். பத்து லிட்டர் வாளி என்றால் பத்து கிலோ, ஆகவே கால் வாளி போதும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் தேங்கிய சுடுதண்ணீரிலும் லெஜியோனெல்லா இருக்கலாம், அதைத் தெளிக்காமல் தரையோடு ஓடவிட்டு, பிறகு பாய்ச்சுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லையா, வேலையை அப்படியே போட்டுவிடுங்கள். உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை விடுங்கள். டாக்டர் சொன்ன அளவில் இன்ஹேலர் எடுங்கள். அடங்கவில்லை, உதடு நீலமாகிறது, பேச்சு குழறுகிறது என்றால் தாமதிக்காமல் 108. மறுநாள் சளி நிறம் மாறினாலோ அதிகமானாலோ டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு பை போதும். ஒன்றில் வெந்தயக்கீரை, ஒன்றில் கத்தரி. கீரை மூன்று, நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும், கத்தரிக்குத்தான் பொறுமை வேண்டும். இறங்கி வந்ததும் முதல் வேலையாக சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அம்மா பாதியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்துவிட்டுத்தான் இறங்குகிறார்.